ஆறாவது கட்டில்

ரங்கனுக்குக் கண் தெரியும் என்று முதலில் வாயைத் திறந்து சொன்னவன் தருமலிங்கம்தான். அதற்காகப் பழியை அவன் தலையில் கட்ட நான் வரவில்லை. அவன் சொல்வதற்கு முன்பே என் மனசுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொன்னான், நான் பிடித்துக்கொண்டேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டையின் அகழியைத் தாண்டினால், ஏரியைப் பார்த்தபடி ஒரு பழைய கிடங்கு. அதைத்தான் வீடாக்கி வைத்திருந்தார் செசிலியா அம்மா. அவருடைய தாய் பறங்கி, புருஷன் ஒல்லாந்துப் படையில் கப்பித்தான். ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் பழவேற்காடு. நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். கப்பித்தான் சாகும்போது ஒரு சாசனம் எழுதிவைத்துவிட்டுப் போனார். சண்டையில் முடமாகி, தன் கையால் பிழைக்க வழியில்லாத ஆறு பேருக்கு அந்த வீட்டில் கட்டிலும் கஞ்சியும் சாகும்வரை உண்டு. ஏழாவது ஆள் கூடாது. வெளியாள் யாரும் பகலில்கூடத் தங்கக் கூடாது. மீறினால் வீடு கப்பித்தானின் தம்பிக்குப் போய்விடுமாம். அந்தத் தம்பி கோட்டைக்குள்ளேதான் இருந்தான். அண்ணன் தர்மத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை. மாதம் தவறாமல் வந்து கட்டிலை எண்ணிவிட்டுப் போவான்.

அந்த வீட்டில் நான்தான் கூழ் காய்ச்சினேன், புண் கழுவினேன், புரள முடியாதவர்களைப் புரட்டிப் போட்டேன். எங்கள் ஊர் பசியாவரம், ஏரிக்கு நடுவே இருக்கிற தீவு. எங்கள் குடும்பம் வலைக்காரக் குடும்பம் அல்ல. இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். கையில் ஒன்று தட்டுப்பட்டால் உடனே அமுக்கிவிட மாட்டோம். இறாலா, கெளுத்தியின் முள்ளா என்று ஒரு கணம் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் பிடிப்போம். சந்தேகப்படாதவளுக்கு விரல் மிஞ்சாது. அந்தப் புத்தி தண்ணீரை விட்டுக் கரையேறிய பிறகும் என்னை விடவில்லை. பால்காரன் சிரித்தால்கூடப் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பேன்.

என் தம்பி குப்பன் ஒல்லாந்தருக்காக யாழ்ப்பாணத்துச் சண்டைக்குப் போனான். திரும்பி வரும்போது முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் இல்லை. எனக்குப் புருஷன் செத்து வெகுநாள் ஆயிற்று, பிள்ளை கிடையாது. பசியாவரத்துக் குடிசையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் காலையில் படகேறி வேலைக்கு வந்தால் சாயங்காலம்தான் திரும்புவேன். போன கார்த்திகையில் ஒருநாள் நடுப்பகலில் ஏரி பொங்கித் தண்ணீர் குடிசைக்குள் ஏறிவிட்டது. ஊரில் எல்லாரும் ஆடு, குழந்தை, சட்டி பானையோடு மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். குப்பனின் நினைவு யாருக்கும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கழுத்துவரை தண்ணீரில், விட்டத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். விறைத்த கையைப் பிரித்தெடுக்கவே வெகுநேரம் ஆயிற்று.

"சோறு கொண்டாந்தியாக்கா?" என்று கேட்டான். அவன் சுபாவம் அப்படி.

எனக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. அடுத்த கார்த்திகைக்குள் அவனுக்கு அந்த வீட்டில் ஒரு கட்டில் வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

வைகாசியில் வயதான ஒல்லாந்தர் ஒருவர் செத்து ஆறாவது கட்டில் காலியாயிற்று. நான் செத்தவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேன், பிறகு கட்டிலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அந்தக் கட்டிலில் ஆடி மாதம் வந்து படுத்தவன் ரங்கன். சுண்ணாம்புக்குளத்துக்காரன், முப்பது வயசு இருக்கும். கொச்சிச் சண்டையில் துப்பாக்கிக் கட்டையால் பின்மண்டையில் அடிபட்டு இரண்டு கண்ணும் போய்விட்டதாம். அப்படித்தான் அவன் கொண்டு வந்த கடிதத்தில் எழுதியிருந்தது.

"குப்பனுக்கு நீ இருக்க, இருசம்மா. இவனுக்கு யாருமில்ல. அடுத்த கட்டில் காலியானா கண்டிப்பா குப்பனுக்குத்தான்" என்றார் செசிலியா அம்மா.

நான் இருப்பதுதான் என் தம்பி செய்த குற்றம் போலிருக்கிறது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

போனது கண் என்கிறார்கள், ஆனால் ரங்கனின் கண்ணில் ஒரு தழும்பு இல்லை, பூ விழவில்லை. நல்ல கருவிழி, நல்ல வெள்ளை, என் கண்ணைவிட நன்றாக இருந்தது. கோட்டை வைத்தியர் வந்து இமையைத் தூக்கி, மெழுகுவர்த்தியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். கண் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த கோழியை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகுதான் தருமலிங்கம். அந்த ஆறு பேரில் ஒருவன். அவனுக்கு ஒரு கை இல்லை, நாக்கு மட்டும் இரண்டு ஆளுக்கு இருந்தது. ஒருநாள் அடுப்படிக்கு வந்து குசுகுசுத்தான்.

"இருசம்மா, நான் வாழைப்பழம் உரிச்சேன். அந்தக் கோடியில குந்திக்கினு கீற ரங்கன் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தான். குருடன் வாழப்பழத்தப் பாப்பானா?"

"வாசனை வந்திருக்கும்."

"உனக்கு வந்துச்சா?"

எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து நான் ரங்கனைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

மடவை மீன் குழம்பு வைத்தேன். மடவையில் எவ்வளவு முள் என்று உங்களுக்குத் தெரியும். ரங்கன் ஒரு முள் விடாமல் எடுத்து இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டான். பக்கத்தில் இரண்டு கண்ணும் உள்ள இன்னொரு ஒல்லாந்தர் தொண்டையில் முள் மாட்டி இருமிக்கொண்டிருந்தார். மறுநாள் அவன் நடக்கிற வழியில் தண்ணீர்ப் பானையை வைத்தேன். தடியைக்கூட ஊன்றாமல் வந்தவன் பானைக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டான்.

"யாரு பானைய நடுவுல வெச்சது? தருமலிங்கம் இடிச்சுக்கப் போறாரு."

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"கால்ல ஜில்லுனு பட்டுதுக்கா."

இன்னொரு நாள் சத்தமில்லாமல் அவன் முன்னால் போய் நின்று நாக்கை நீட்டிப் பழித்தேன். நாற்பது வயசுக்காரி செய்கிற வேலையா இது? ஆனால் அவன் சிரித்தான்.

"இன்னாடா சிரிப்பு?"

"கருவாட்டு வாசனை வந்துது. இருசக்கா வந்து நின்னுக்கினு ஒண்ணும் பேசாம கீறியேன்னு சிரிச்சேன்."

எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. பதிலைத் தயாராக வைத்திருப்பவனை நான் நம்புவதில்லை. வந்து இரண்டு மாதம் ஆகியும் சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒருவர்கூட அவனைப் பார்க்க வரவில்லை என்பதும் எனக்கு உறுத்தியது. கேட்டால், தாய், நைனா, அண்ணன் எல்லாரும் ஒரே வாரத்தில் பேதியில் போய்விட்டார்கள் என்றான். சாட்சி சொல்ல ஒரு ஆள்கூட மிஞ்சாத குடும்பம் என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை இப்போது வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அவன் மூச்சு விடுவதுகூட நடிப்பாகப் பட்டது.

புரட்டாசி பிறந்தது. மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான். குப்பன் விட்டத்தில் ஒரு கயிறு கட்டி வைத்துக்கொண்டான், இந்தத் தடவை பிடித்துக்கொள்ளச் சௌகரியமாக இருக்கும் என்றான். அதைப் பார்த்த அன்றுதான் நான் ரங்கனை ஏரியில் இறக்குவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் நகருவோம். இரண்டு கையும் சேற்றில், வாயில் பறி. பேச முடியாது. அதனால் வரிசையாகப் போகும்போது முன்னால் பள்ளம் என்று ஒருத்திக்குத் தெரிந்தால் அவள் நின்று கையைத் தலைக்கு மேலே தூக்குவாள். அவள் தூக்கியதும் வரிசை முழுக்க நிற்கும். எத்தனை தலைமுறையாகவோ இப்படித்தான். எங்களில் கையைப் பார்த்து நிற்காதவள் கிடையாது.

"ரங்கா, ஏரிக்கு வரியாடா? கையால இறால் புடிக்கலாம்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "நெசமாவாக்கா? எங்க நைனா வலைக்காரரு. கையால புடிச்சதே இல்ல நானு."

செசிலியா அம்மா தயங்கினார். பிறகு, காற்றாடப் போகட்டும், உன்னை நம்பித்தான் விடுகிறேன் என்றார். காலை வெயில் ஏறுவதற்கு முன் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கினோம். குப்பனின் பழைய பறியை அவனுக்குக் கடிக்கக் கொடுத்தேன். எப்படித் தடவுவது, எப்படி அமுக்குவது என்று கரையிலேயே சொன்னேன். கையைத் தூக்குகிற வழக்கத்தை மட்டும் சொல்லவில்லை. என் இடது பக்கத்தில் ஒரு முழ இடைவெளியில் அவன் மண்டியிட்டு நகர்ந்தான். நல்ல கை அவனுக்கு. கொஞ்ச நேரத்திலேயே நாலைந்து இறால் பிடித்துவிட்டான்.

நான் படகோடும் ஓடையை நோக்கி அவனைக் கூட்டிப் போனேன். இடுப்பளவுத் தண்ணீர் அந்த இடத்தில் திடீரென்று இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கும். விளிம்பு எனக்கு மனப்பாடம். விளிம்புக்கு இரண்டு முழம் முன்னால் நான் நின்றேன். வலது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினேன்.

அவன் நின்றான். நான் கையைத் தூக்கிய அதே கணம்.

நிற்காமல் போயிருந்தால் நான் அவனைப் பிடித்து இழுத்திருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவன் நின்றுவிட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான்.

"இன்னாக்கா, நின்னுட்ட?"

"ஒண்ணுமில்ல. போதும், கரையேறு" என்றேன். எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்கிறான், கள்ளப்பயல் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானமே செசிலியா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ரங்கனைக் கூப்பிட்டுக் கூடத்தில் நிறுத்தினார். கூப்பிடாமலேயே தருமலிங்கமும் வந்து தூணோரம் நின்றுகொண்டான். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஓடை, கை, அவன் நின்றது. கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"கையத் தூக்கினியாக்கா?" என்றான் ரங்கன். அவன் குரலில் பயமில்லை, புதுசாக ஒன்றைக் கேள்விப்படுகிற மாதிரி இருந்தது. "அது எனக்குத் தெரியாதே. நீ நின்ன, அதனால நானும் நின்னேன்."

"நான் நின்னது உனக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணி சொல்லுச்சு. பக்கத்துல நீ நவுந்தா இடுப்புல தட்டிக்கினே இருக்கும். நீ நின்னதும் அது நின்னுடுச்சு."

தருமலிங்கம் கெக்கலித்துச் சிரித்தான். "தண்ணி பேசுமாம்!"

செசிலியா அம்மா சிரிக்கவில்லை. அவர் ஏரிக்கரையிலேயே பிறந்தவர்தான், ஆனால் ஏரியில் கால் நனைத்தவர் இல்லை. என்னைப் பார்த்தார்.

"இருசம்மா, உனக்குத்தான் இது தெரியும். தண்ணிக்குள்ள அப்படித் தெரியுமா?"

தெரியும். எங்கள் ஊரில் பல் முளைத்த குழந்தைக்கும் தெரியும். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடிப்போம். கலங்கலில் கண்ணுக்கு வேலை ஏது? பக்கத்தில் ஒருத்தி நகர்வதும் நிற்பதும் தண்ணீர் தட்டுவதில்தான் தெரியும். கையைத் தூக்குவது தூரத்தில் இருக்கிறவர்களுக்கு. ஆனால் பக்கத்தில் இருக்கிறவர்களும் கையைப் பார்த்துத்தான் நிற்கிறோம் என்றே நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொள்வோம், அப்படியே நம்பியும் விட்டோம். ஏரியில் கையைத் தூக்கியபோது எனக்கு இது ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. நம்பினால் நம்புங்கள். ஆனால் கூடத்தில் அவன் சொன்ன அந்தக் கணத்தில் எல்லாம் வந்துவிட்டது. ரங்கன் குருடன்தான். முள், பானை, கருவாட்டு வாசனை, எல்லாமே உண்மை. இரண்டு மாதமாக ஒரு குருடனை நான் வேவு பார்த்திருக்கிறேன்.

விட்டத்தில் கட்டியிருந்த கயிறும் கூடவே ஞாபகம் வந்தது.

"தெரியாதும்மா. அப்படியெல்லாம் தெரியாது" என்றேன்.

ரங்கன் முகத்தை என் பக்கம் திருப்பினான். கண் நேராக என் கண்ணுக்கு வரவில்லை, என் காதோரம் எங்கேயோ நின்றது.

"உனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியாது."

அதற்கு மேல் அவன் வாதாடவில்லை. நான் சொன்னதை அவன் நம்பிவிட்டான் என்றுகூட எனக்குத் தோன்றியது. கையால் பிடிக்கிறவர்களுக்கே தெரியாத ஒன்று தனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டு நின்றான். செசிலியா அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையில் என்ன இருக்கிறது? ஏமாற்றுக்காரனை வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் கப்பித்தானின் தம்பி வீட்டைப் பிடுங்கிக்கொள்வான், மற்ற ஐந்து பேரும் தெருவில் நிற்பார்கள். ஒரு வேட்டியும் கொஞ்சம் அவலும் முடிந்து கொடுத்து, சுண்ணாம்புக்குளம் போகும் படகில் ஏற்றிவிடச் சொன்னார். ரங்கன் தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். நிலைப்படியில் தடுக்கி விழப்போனான். அந்த வீட்டில் அவன் தடுக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இப்பக்கூட நடிக்கிறான் பாரு" என்றான் தருமலிங்கம்.

"வாயை மூடுடா, கட்டையில போறவனே" என்று கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

வடக்கே போகும் படகு தென்காற்றுக்குத்தான் கிளம்பும். அந்த இரண்டு நாளும் காற்று செத்துக் கிடந்தது. ரங்கன் படகுத்துறையில் பூவரசு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நான் அந்தத் துறையை விட்டு, சேற்றோடு சேறாக வேறு பக்கம் இறங்கினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். வீட்டுக்குள்ளும் எனக்கு ஒன்றும் சரியாக இல்லை. செசிலியா அம்மா என்னிடம் வழக்கத்தைவிடக் கம்மியாகப் பேசினார். நான் கூழ் ஊற்றும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தெரிந்துவிட்டதா? ரங்கன் ஏதாவது சொல்லி அனுப்பினானா? நான் இரண்டு மாதம் ரங்கனைப் பார்த்த பார்வைதான் அது. என் மேல் திரும்பியபோது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் குப்பனைக் கூட்டிவரச் சொன்னார்.

குப்பன் எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டான். அவனை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் நான் எங்கேயும் போவேன். சேற்றில் அவனோடு இறங்க முடியாது, படகுத்துறையில்தான் இறங்கியாக வேண்டும். பூவரசு மரத்தடியில் ரங்கன் இருந்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டினேன்.

"இருசக்காவா?" என்றான். "சுமை ஜாஸ்தி போலக்கீது. அடி அழுந்துது. பாத்துப் போ, அங்க பாசி வழுக்குது."

நான் பாசியைத் தவிர்த்துக் காலை வைத்து நடந்தேன். முதுகிலிருந்து குப்பன் என் காதில் கேட்டான், "யாருக்கா அது? பாவம், கண்ணு தெரியாதவரு போலக்கீதே."

ஒரு தடவை பார்த்தான், அதுவும் போகிற போக்கில். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரோ" என்றேன்.

ஆறாவது கட்டிலில் புதுப் பாய் விரித்து வைத்திருந்தார் செசிலியா அம்மா. குப்பனை இறக்கிவிட்டேன். அவன் கட்டிலைத் தட்டிப் பார்த்தான், ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தான், தரையிலிருந்து கட்டில் எவ்வளவு உயரம் என்று கையால் அளந்து பார்த்தான். தண்ணீர் இவ்வளவு உயரம் ஏறாது இல்லையா என்று என்னைக் கேட்டான். ஏறாதுடா என்றேன். எனக்கு அப்போது மனசு நிறைந்திருந்தது. ஆமாம், நிறைந்துதான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

செசிலியா அம்மா போகவில்லை. கட்டிலோரம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"குப்பா, நீயும் கையால இறால் புடிச்சவன்தானே?"

"அவன் களைச்சுப் போயிருக்கான்மா, கஞ்சி குடிச்சுட்டுத் தூங்கட்டும்" என்றேன்.

"இரு, இருசம்மா. நான் அவனைத்தான் கேக்கறேன். பக்கத்துல வர்ற ஆளு நின்னா, பாக்காமலே தெரியுமா, குப்பா?"

ஆறு வருஷமாகக் குப்பனிடம் யாரும் அவன் தொழிலைப் பற்றிக் கேட்டதில்லை. கால் போன கதையைத்தான் எல்லாரும் கேட்பார்கள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் அவன் கண்ணைப் பிடிக்கப் பார்த்தேன், அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பாக்காமலா? இன்னாம்மா இப்பிடிக் கேக்கறீங்க, கண்ணத் தொறந்துக்கினு எவன் இறால் புடிப்பான்?" அவன் இரண்டு கையையும் பாயின் மேல் வைத்துத் தடவிக் காட்டினான். "இப்பிடிப் போவோமா, பக்கத்தாளு நவுந்துக்கினே இருந்தா தண்ணி இடுப்புல தட்டிக்கினே இருக்கும். அவங்க நின்னா, டக்குனு அது நின்னுடும். உடனே நாமளும் நின்னுக்கணும். அது தெரியாதவன் ஓடையில முழுவிச் செத்துருவான். எங்கக்காதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு."

பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

செசிலியா அம்மா எழுந்தார். திட்டுவார் என்று நின்றேன். வேலையை விட்டுப் போ என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஜன்னல் பக்கம் போய், பூவரசு மரம் இருக்கிற திசையைப் பார்த்தார்.

"காத்து எழும்பிடுச்சா, இருசம்மா?" என்று மட்டும் கேட்டார்.

எழும்பியிருந்தது. தெற்கேயிருந்து. வாசல் பனையின் ஓலை சலசலப்பது எனக்குக் கேட்டது. துறையில் படகுகள் பாய் விரிக்கிற நேரம். ஓடினால் ரங்கனைப் பிடித்துவிடலாம். ஆனால் குப்பனைக் கட்டிலில் விட்டுவிட்டு நான் மட்டும் ஓடினால் துறைவரை போய்ச் சேர மாட்டேன். அகழிப் பாலத்திலேயே நின்று, படகு போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். மூன்று நாளாக என்னை எனக்குத் தெரியும்.

கட்டிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

"குப்பா, கழுத்தப் புடிடா."

"ஏன்கா? எங்க போறோம்?"

"புடி."

அவன் இரண்டு கையையும் என் கழுத்தில் போட்டுக் கட்டிக்கொண்டான். நான் நிமிரும்போது காதோரம் மெதுவாகக் கேட்டான்.

"கட்டிலு நல்லா கீதேக்கா. சாயங்காலம் திரும்பி வந்துடுவோம்தானே?"